பேராயர் தேர்தல்ல நிக்கலாமா வேணாமா? ஆயர்மார் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நம்ம சி.எஸ்.ஐ.ல, அதாவது தென்னிந்தியத் திருச்சபையில, ஒரு பேராயர் (பிஷப்) ஓய்வு பெறப்போறாருன்னு தெரிஞ்சா போதும், நாள் குறிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே கல்யாண வீட்டுப் பந்தியில, அசன விருந்துல எல்லாம் பேரு அடிபட ஆரம்பிச்சிடும். அடுத்து யாரு, எந்த அணி யாரை நிறுத்துது, யாருக்கு மேல ஆள் இருக்கு. அந்தப் பேச்சுல தன் பேரும் அடிபடுற ஆயர்மார் (சபையை நடத்துற போதகர்கள்) கேக்குற கேள்விகள்தான் இது. நான் குருவானவர் இல்ல, திருமண்டல (ஒரு பேராயருக்குக் கீழ வர்ற பகுதி) கவுன்சில்ல ஓட்டுப் போடுற பக்கத்துல உக்காந்து பாத்த ஆளு, அதனால பதிலும் அந்தப் பக்கத்துல இருந்துதான் வரும்.

பேராயர் ஆகணும்னு ஆசைப்படுறதே தப்பா?

இல்லைங்க. "கண்காணிப்பை விரும்புகிறவன் நல்லவேலையை விரும்புகிறான்"னு 1 தீமோத்தேயு 3ல பவுலே எழுதியிருக்காரு. இந்த வசனத்தை நம்ம ஊர்ல நிக்கிற எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க, ஆனா 6ஆம் நூற்றாண்டு கடைசியில ரோம்ல போப்பா இருந்த கிரிகோரி இதுக்கு என்ன விளக்கம் சொன்னாருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பவுல் இதை எழுதின காலத்துல சபையை நடத்துறவனைத்தான் சித்திரவதைக்கு முதல்ல இழுத்துட்டுப் போவாங்க, அந்த நிலைமையில ஆசைப்படுறது பாராட்டுக்குரியதுதான், அதை வச்சு இன்னைக்கு மரியாதைக்கு அலையுறவன் தனக்கு நியாயம் தேடிக்கக் கூடாதுங்கறாரு. அந்த வசனமே "நல்லவேலை"ன்னுதான் சொல்லுது, நல்ல பதவின்னு சொல்லல பாருங்கன்னும் பிடிச்சாரு.

அதனால ஆசை இருக்கான்னு கேக்குறதை விட, எதுக்கு மேல ஆசைன்னு கேட்டுப் பாருங்க. அங்கியா, காரா, முன் வரிசை நாற்காலியா, இல்ல காலையில எழுந்து செய்யப்போற அந்த வேலையா? ஆசையே இல்லன்னு சொல்லிக்கிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு கவுன்சில் மெம்பர் லிஸ்ட்டை எண்ணிக்கிட்டு இருக்குறவரை விட, எனக்கு ஆசை இருக்குன்னு வாய் திறந்து சொல்றவர் மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி.

தேர்வு எப்படி நடக்குது? அதிக ஓட்டு வாங்கினா பேராயர்தானே?

அங்கதான் நிறைய பேரு தப்புக் கணக்கு போடுறாங்க. திருமண்டல கவுன்சில் கூடி ஓட்டுப் போட்டு சில பேரு அடங்குன ஒரு பேனலை தேர்ந்தெடுக்கும், அவ்வளவுதான். அந்தப் பேனல் சினாடுக்கு, அதாவது முழு சி.எஸ்.ஐ.யோட தலைமை மன்றத்துக்குப் போகும், அங்க மாடரேட்டர் (சி.எஸ்.ஐ.யோட தலைமைப் பேராயர்) தலைமையில ஒரு தேர்வுக் குழு உக்காந்து அதுல ஒருத்தரை முடிவு பண்ணும். பேனல்ல முதல் இடம் வந்தவர்தான் வரணும்னு இல்ல. ஆக நீங்க ரெண்டு இடத்துல தேர்வு எழுதணும், ரெண்டாவது தேர்வு உங்க ஊர்ல நடக்காது, உங்க ஜனங்க கையிலயும் இல்ல. நடுவுல பேராயர் இடம் காலியா இருந்தா மாடரேட்டர் சார்பா ஒரு பொறுப்பாளர், கமிசரின்னு சொல்லுவாங்க, வந்து நிர்வாகம் பாப்பாரு, சில நேரம் கோர்ட் தடை, வழக்குன்னு அது வருஷக்கணக்கா இழுக்கும்.

பேராயரோட ஓய்வு வயசு 67. அதை 70 ஆக்கணும்னு கொண்டு வந்த திருத்தமே பெரிய வழக்கா கோர்ட்டுக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும். அப்பவே புரிஞ்சிக்கணும், இந்த நாற்காலியில மூணு வருஷம் கூட கிடைக்கிறதுக்கு எவ்வளவு மோதல்னு.

பேராயர் வேலைன்னா உண்மையில என்ன? ஆராதனை நடத்துறது, திடப்படுத்தல் (ஞானஸ்நானம் எடுத்தவங்களை விசுவாசத்துல உறுதிப்படுத்துற சடங்கு) கொடுக்குறதுதானே?

ஞாயித்துக்கிழமை மட்டும் பாத்தா அப்படித்தான் தெரியும். திடப்படுத்தல், குருப்பட்டம், புது ஆலயப் பிரதிஷ்டை, இதெல்லாம் ஜனங்க கண்ணுக்குத் தெரியுற பாகம். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ஃபைல்தான். பள்ளிக்கூடம், காலேஜ், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், நிலம், கடை வாடகை, குருமார் டிரான்ஸ்ஃபர், ஒரு சேகரத்துல (ஒரு ஆயர் பொறுப்புல இருக்குற சபைப் பகுதி) ரெண்டு கோஷ்டி சண்டை, வக்கீல் போன்.

போட்டி ஏன் இவ்வளவு சூடா இருக்குன்னு வெளியில இருந்து பாக்குறவங்களுக்குப் புரியாது, அதைக் கொஞ்சம் பச்சையா சொல்லிடுறேன். தமிழ்நாட்டுல நம்ம பள்ளிகள் நிறைய அரசு உதவி பெறுற சிறுபான்மைப் பள்ளிகள். அங்க ஒரு வாத்தியாருக்கு சம்பளம் குடுக்குறது அரசாங்கம், ஆனா யாரை வேலைக்குப் போடணும்னு தேர்ந்தெடுக்குறது நிர்வாகம், அதாவது திருமண்டலம். அரசியல் சட்டம் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு குடுத்த உரிமை அது, நல்ல உரிமை, ஏழைப் பிள்ளைங்க படிக்கிறதுக்காக வந்தது. ஆனா ஒரு அரசு சம்பள வேலை ஒரு குடும்பத்தோட மூணு தலைமுறையை மாத்திப்போடும், அப்படிப்பட்ட வேலையைக் கையெழுத்துப் போட்டுக் குடுக்குற இடம் எதுவோ அதைச் சுத்தி கூட்டம் சேரத்தான் செய்யும். நீங்க நிக்கணும்னு உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்குறவங்கள்ல எத்தனை பேரு உங்க பிரசங்கத்துக்காக வந்தாங்க, எத்தனை பேரு வீட்டுல பி.எட். முடிச்ச பிள்ளை இருக்குன்னு பாருங்க. அவங்களைக் குத்தம் சொல்லல, அவங்க கஷ்டம் அவங்களுக்கு. ஆனா எது அழைப்பு, எது விண்ணப்பம்னு உங்களுக்குத் தெரியணும் இல்லையா.

இன்னொன்னு. ஃபைல் வேலை உங்களுக்கு வேப்பங்காயா கசக்கும்னா, நல்ல மேய்ப்பரா இருக்குறவர் நல்ல பேராயரா ஆவாருன்னு எந்த உத்தரவாதமும் இல்ல. நல்ல சேகர ஊழியர் ஒருத்தரை இழந்து சுமாரான நிர்வாகி ஒருத்தரை வாங்கிக்கிட்ட கதை எந்தத் திருமண்டலத்துல கேட்டாலும் கிடைக்கும்.

நான் கேக்கவே இல்லைங்க, ஜனங்கதான் நில்லுங்க நில்லுங்கன்னு சொல்றாங்க. இது தேவ அழைப்புதானே?

இருக்கலாம். சபை வழியா கர்த்தர் பேசுவாருங்கறது நம்ம நம்பிக்கை. கி.பி. 374ல மிலான் நகரத்துல அம்புரோஸ் கவர்னரா இருந்தாரு, பேராயர் தேர்தல்ல ரெண்டு கட்சி அடிச்சிக்கக் கூடாதுன்னு சமாதானம் பண்ணப் போன இடத்துல கூட்டமே சேர்ந்து அவர் பேரைச் சொல்லிக் கத்துச்சு, அவரு அப்ப ஞானஸ்நானம் கூட எடுக்கல, கொஞ்ச நாள்ல ஞானஸ்நானம் குடுத்து பேராயராவே ஆக்கிட்டாங்க. அந்தக் கூட்டத்துல விசேஷம் என்னன்னா ஒண்ணுக்கொண்ணு ஆகாத ரெண்டு கட்சியும் சேர்ந்து கத்துனாங்க.

உங்க விஷயத்துலயும் இதைப் பாருங்க. சொல்றது யாரு? உங்க சொந்தக்காரங்க, உங்க ஊர்க்காரங்க, போன டேர்ம்ல தோத்த அணியா? அப்ப அது சபையோட குரல் இல்ல, ஒரு அணிக்கு முகம் தேவைப்படுது, உங்க முகம் நல்லா இருக்கு. உங்களால எந்த லாபமும் கிடைக்க வாய்ப்பில்லாத ஒருத்தர், முன்னாடி நீங்க வேலை பாத்து மாறிப்போன சேகரத்துல இருக்குற ஒரு விதவை அம்மாவோ, உங்களோட கருத்து வேறுபாடு உள்ள ஒரு சீனியர் ஆயரோ சொன்னா அதுக்கு எடை ஜாஸ்தி.

அந்தக் காலத்துல பெரிய மனுஷங்க எல்லாம் ஓடி ஒளிஞ்சாங்களாமே? நாமளும் ஒதுங்கிப் போறதுதானே தாழ்மை?

ஓடினவங்க உண்டு. ஆதித் திருச்சபையோட பெரிய அறிஞர் அகுஸ்தீன் தானே சொல்லியிருக்காரு, பேராயர் இல்லாத ஊருக்கு அவரு போறதையே விட்டுட்டாரு, பிடிச்சி உக்கார வச்சிருவாங்கன்னு பயம். வட ஆப்பிரிக்காவுல இருக்குற ஹிப்போங்கற ஊர்ல ஏற்கனவே வலேரியுன்னு ஒரு பேராயர் இருக்காரு, அங்க பயம் இல்லன்னு 391ல ஒரு நண்பரைப் பாக்கப் போனாரு. ஜனங்க அங்கயே பிடிச்சி குருவாக்கிட்டாங்க, அழுதுக்கிட்டே ஏத்துக்கிட்டாரு, சில வருஷத்துல அதே ஊருக்குப் பேராயரும் ஆனாரு.

ஆனா நம்ம ஊர்ல இந்த ஓட்டத்தையும் ஒரு டெக்னிக்கா ஆக்கிட்டாங்க. எனக்கு வேணாம்ங்க, நான் அதுக்கு தகுதி இல்லைங்கன்னு மேடையில சொல்றது, கீழ மச்சினன் போன் போட்டுக்கிட்டு இருக்குறது. இதை விட நேரா நிக்கிறது ஆயிரம் மடங்கு நல்லது. மோசே "திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்"னு உண்மையிலேயே தயங்கினாரு, ஆனா அதுக்கு மேலயும் வேற யாரையாவது அனுப்பும்னு சொன்னப்ப கர்த்தருக்குக் கோபம்தான் வந்துச்சுன்னு யாத்திராகமம் 4ல இருக்கு. தயக்கத்துக்கும் ஒரு எல்லை இருக்கு.

நாங்க ஒதுங்கினா மோசமானவங்கதான வந்து உக்காருவாங்க?

இது ரொம்ப நியாயமான கேள்வி. நியாயாதிபதிகள் 9ல யோதாம் மலை மேல நின்னு சொன்ன கதை இதுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும். மரங்க தங்களுக்கு ராஜா தேடிப் போச்சு, ஒலிவ மரம் என் எண்ணெயை விட்டுட்டு வரமாட்டேன்னுச்சு, அத்தி மரம் என் பழத்தை விட்டுட்டு வரமாட்டேன்னுச்சு, திராட்சைச் செடியும் அப்படித்தான், கடைசியா முட்செடியைக் கேட்டாங்க, அது உடனே சரின்னுச்சு, வந்து என் நிழல்ல அடைங்கன்னு மிரட்டலும் விட்டுச்சு.

இதைப் படிச்சிட்டு அப்ப நான் நிக்கணும்னு குதிக்காதீங்க, அந்தக் கதையில ஒலிவ மரம் சொன்ன காரணமும் பொய் இல்ல. நீங்க நடத்துற கிராம ஊழியம், நீங்க சொல்லிக்குடுக்குற செமினரி மாணவர்கள், நீங்க இல்லன்னா அது நிக்குமா? நின்னா போயிடலாம். நிக்காதுன்னா அந்த எண்ணெயை யாரு குடுப்பாங்கன்னு யோசிச்சிட்டு முடிவெடுங்க. அவனைத் தடுக்கணும் அப்படிங்கற ஒரே காரணத்துக்காக நிக்கிறவங்க ஜெயிச்ச பிறகு என்ன செய்யுறதுன்னு தெரியாம முழிக்கிறதையும் பாத்திருக்கேன்.

ஜெபிக்கிறேன், உபவாசம் இருக்கேன், பதில் வரல. எப்படி தெளிவடையுறது?

தனியா ரூமுக்குள்ள உக்காந்து ஜெபிக்கிறது மட்டும் போதாதுன்னு நினைக்கிறேன், ஏன்னா நம்ம ஆசை நம்ம குரல்லயே பேசும், அதைத் தேவன் பேசுனாருன்னு எடுத்துக்கிறது ரொம்ப சுலபம். இயேசு சபையைத் தொடங்கின இக்னேசியுஸ் சில வழி சொல்லிக்குடுத்தாரு, அது ஆர்.சி.காரங்க (ரோமன் கத்தோலிக்கர்) விஷயம்னு தள்ளிடாதீங்க. உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒருத்தர் இதே நிலைமையில உங்ககிட்ட ஆலோசனை கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு நினைச்சுப் பாக்கணும். சாகப்போற நேரத்துல எதை தேர்ந்தெடுத்திருக்கணும்னு தோணும், அதையும் யோசிக்கணும். மனசு சோர்ந்து இருண்டு கிடக்குற நேரத்துல ஏற்கனவே எடுத்த தீர்மானத்தை மாத்தாதீங்கன்னும் சொல்லுவாரு, இந்தக் கடைசி ஒண்ணு தேர்தல் நேரத்துல ரொம்ப உதவும். அவரு ஆரம்பிச்ச சபையில முழு உறுப்பினர் ஆகுறவங்க மேல் பதவிக்கு முயற்சி பண்ண மாட்டேன்னு வாக்குறுதியே குடுக்கணும்.

குவேக்கர்கள்ங்கற கிறிஸ்தவக் குழுகிட்ட இன்னொரு பழக்கம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். முடிவெடுக்க வேண்டியவர் நம்பிக்கையான நாலஞ்சு பேரைக் கூப்பிடுவாரு. அவங்க ஆலோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான் கேக்கலாம், அதுவும் பதில் ஒளிச்சு வைக்காத கேள்வி. ரெண்டு மூணு மணி நேரம். நம்ம ஆளுங்களால ஆலோசனை சொல்லாம அவ்வளவு நேரம் உக்கார முடியுமான்னு எனக்கு சந்தேகம்தான், முயற்சி பண்ணிப் பாருங்க. அந்த நாலு பேருல ஒருத்தராவது உங்க திருமண்டலத்துல ஓட்டு இல்லாதவரா இருக்கணும்.

ஓட்டு கேக்கலாமா? செலவு பண்ணலாமா?

கேக்கலாமான்னா, நான் நிக்கிறேன், இதுதான் என் மனசுல இருக்குன்னு கவுன்சில் மெம்பர்கள்கிட்ட சொல்றது தப்பே இல்ல. அவங்களும் தெரியாத ஆளுக்கு எப்படி ஓட்டுப் போடுவாங்க.

செலவு வேற விஷயம். சாப்பாடு, ரூம், கார், கவர்னு போற கதை எல்லாருக்கும் தெரியும். அப்போஸ்தலர் 8ல சீமோன் பணத்தைக் கொண்டு வந்து நீட்டினப்ப உன் பணம் உன்னோட நாசமாப் போகட்டும்னு பேதுரு சொன்னதை ஞாயித்துக்கிழமை நீங்களே பிரசங்கம் பண்ணியிருப்பீங்க. நான் சொல்ல வர்றது அதை விட நடைமுறையானது. ஆயர் சம்பளத்துல இவ்வளவு செலவு பண்ண முடியாது, அப்ப வேற யாரோ போடுறாங்க, போட்டவங்க சும்மா போடல. பணத்தை விட மோசம் வாக்குறுதி. உங்க தம்பிக்கு பள்ளிக்கூட கரஸ்பாண்டென்ட் (நிர்வாகி) பதவி, உங்களுக்கு டவுன் சேகரம், உங்க மகளுக்கு போஸ்டிங், இப்படி பத்துப் பேருக்கு வாய் குடுத்துட்டா நீங்க உக்காரும்போதே அந்த நாற்காலி வித்துப்போச்சு, முதல் வருஷம் முழுக்க கடன் அடைக்கிறதுலயே போகும், ஒரே போஸ்டிங்கை மூணு பேருக்கு சொல்லியிருப்பீங்க, மிச்சம் ரெண்டு பேரு எதிர் அணிக்குப் போயிடுவாங்க.

என்னைக் கேட்டா உங்களுக்கு அழைப்பு இருக்கா இல்லையாங்கறது பேனல் முடிவு வர்ற அன்னைக்குத் தெரியாது, முதல் ஆளு வந்து எனக்கு என்ன செய்வீங்கன்னு கேக்குறப்ப நீங்க என்ன சொன்னீங்களோ அங்கயே தெரிஞ்சிரும். ஒண்ணும் செய்ய மாட்டேன்னு சொல்ல முடியுதுன்னா நில்லுங்க. இல்லன்னா வேணாம்.

சாதி, ஊர், அணி எல்லாம் பாத்துதான ஓட்டு விழுது? அதை விட்டுட்டு எப்படி நிக்கிறது?

விழுது. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. கர்த்தரோட பந்தியில ஒரே பாத்திரத்துல குடிச்சிட்டு ஓட்டுப் பெட்டிக்கு வந்தா யாரு எந்த ஆளுன்னு பாக்குறோம். உங்களால ஒரே தேர்தல்ல இதை மாத்த முடியாது, ஆனா அதைப் பயன்படுத்தாம இருக்க முடியும். "நம்ம ஆளு"ன்னு சொல்லி ஒருத்தர் உங்களுக்கு ஓட்டு சேக்குறார்னு தெரிஞ்சா அவரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்க, நாலு பேரு முன்னாடி சொல்லுங்க. ஓட்டு குறையும். குறையட்டும்.

டாக்டரேட் இல்ல. வயசும் கம்மி. நிக்கலாமா?

வேதநாயகம் சாமுவேல் அசரியா நம்ம வெள்ளாளன்விளையில 1874ல பிறந்தவரு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில படிச்சாரு, டிகிரி வாங்கல. ஒய்.எம்.சி.ஏ.ல வேலை பாத்தாரு, 1903ல திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினவங்கள்ல முக்கியமானவரு, 1909ல குருப்பட்டம் வாங்கிட்டு மிஷனரியா தெலுங்கு பேசுற தோர்ணக்கல் பக்கம் போனாரு. 1912 டிசம்பர் 29ல கல்கத்தாவுல முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரா அபிஷேகம் ஆனப்ப வயசு 38. அவரைப் பேராயராக்கணும்னு முயற்சி எடுத்தவரு சென்னைப் பேராயர் வைட்ஹெட். டாக்டர் பட்டம் பிற்பாடுதான் வந்துச்சு, அதுவும் கேம்பிரிட்ஜ் கௌரவமா குடுத்தது.

லெஸ்லி நியூபிகின் இன்னும் சின்ன வயசு. 1947 செப்டம்பர் 27ல சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல சி.எஸ்.ஐ. பிறந்த அன்னைக்கே மதுரை இராமநாதபுரம் பேராயரா ஆனாரு, வயசு 37. பேராயர்களே இல்லாத ஸ்காட்லாந்து சபையில இருந்து வந்தவரு. ரெண்டு பேருமே பதவிக்கு முன்னாடி கிராமம் கிராமமா நடந்தவங்க, அந்தக் கணக்கை மட்டும் நீங்க பாத்துக்கோங்க.

நான் பெண் ஆயர். எனக்கு வழி இருக்கா?

சட்டப்படி இருக்கு. 2013ல நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்பலலிதா பேராயராகி சி.எஸ்.ஐ.யோட முதல் பெண் பேராயர் ஆனாங்க. வழி இருக்குறதும் பேனல்ல ஓட்டு விழுறதும் வேற வேற, அதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல. சமாளிக்க வேண்டிய முதல் ஆளு எதிர் அணி இல்ல, "நல்ல அம்மாதான், ஆனா நம்ம ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க"ன்னு சொல்ற உங்க சொந்த ஆதரவாளர்தான். நீங்க ஒத்துக்குறீங்களான்னு அவரையே திருப்பிக் கேளுங்க.

ஐயரம்மா (என் மனைவி) வேணவே வேணாம்ங்கறாங்க. என்ன பண்றது?

கேளுங்க, முழுசா. வீட்டுல அவங்க சொல்ற காரணம் பெரும்பாலும் உங்க நாலு நண்பர்கள் சொல்றதை விட தெளிவா இருக்கும். மொட்டைக் கடிதம், வாட்ஸ்ஆப்ல குடும்பத்தைப் பத்தி வர்ற அசிங்கம், பிள்ளைங்க காலேஜ்ல கேக்குற பேச்சு, இதையெல்லாம் அவங்கதான் சுமக்கணும். அதோட பேராயரம்மான்னா பெண்கள் ஐக்கிய சங்கத்துல இருந்து எல்லாம் அவங்க தலையில வந்து விழும், அவங்களுக்குன்னு ஒரு வேலை இருந்தா அது என்ன ஆகும்? அவங்க சம்மதம் இல்லாம நிக்காதீங்க. கடைசி வாரத்துல வாங்குற அரைச் சம்மதமும் சம்மதம் இல்ல.

மத்த சபைகள்ல இந்தத் தொல்லை இல்லையா?

ஆர்.சி.ல தேர்தல் கிடையாது. போப்போட தூதர் ரகசியமா பல பேர்கிட்ட விசாரிச்சு பேரு அனுப்புவாரு, போப் நியமிப்பாரு, பிரச்சாரம் பண்ண வழியில்ல, கேட்டா வேணாம்னு சொல்லவும் உரிமை உண்டு. அங்க அரசியல் இல்லன்னு நினைக்காதீங்க, வெளியில தெரியாது. டி.இ.எல்.சி., அதாவது தமிழ் சுவிசேஷ லுத்தரன் சபையில தரங்கம்பாடிப் பேராயர் ஒருத்தர்தான், 1956ல ராஜா மாணிக்கம் முதல் இந்தியப் பேராயரா வந்தாரு, அங்கயும் தேர்தல், அணி, வழக்கு எல்லாம் நம்மளை மாதிரிதான்.

நின்னு தோத்துட்டா? மானம் போயிடாதா? டிரான்ஸ்ஃபர்ல பழி வாங்குவாங்களே?

வாங்கலாம். ஜெயிச்சவர் மனசைப் பொறுத்தது. உங்களை ஒரு மூலைச் சேகரத்துக்குப் போடலாம், அதை முன்னாடியே கணக்குல எடுத்துட்டு நில்லுங்க. அந்த மூலைச் சேகரத்துல சந்தோஷமா ஊழியம் பண்ண முடியாதுன்னா, மேல போகவும் இது சரியான நேரம் இல்ல.

அப்போஸ்தலர் 1ல யூதாஸோட இடத்துக்கு ரெண்டு பேரை நிறுத்துனாங்க, யுஸ்துன்னு பேரு கொண்ட பர்சபா, மத்தியா. சீட்டு மத்தியாவுக்கு விழுந்துச்சு. தோத்தவரைப் பத்தி அதுக்கப்புறம் ஒரு வரி கூட இல்லன்னு பரிதாபப்படுவோம், ஆனா ஜெயிச்ச மத்தியாவைப் பத்தியும் புதிய ஏற்பாட்டுல அதுக்கப்புறம் ஒரு வரி கூட இல்ல.

தோத்தா அன்னைக்கே ஜெயிச்சவர்கிட்ட போய் கை குடுங்க, அடுத்த நாள் கோர்ட்டுக்குப் போகணும்னு உங்க ஆளுங்க வருவாங்க. உண்மையிலேயே முறைகேடு நடந்து கையில ஆதாரம் இருந்தா அது வேற, தாராளமா போங்க. வெறும் எரிச்சல்ல போட்ட வழக்குக்கு ரெண்டு பக்கமும் செலவாகுறது காணிக்கைப் பணம்.

சரி, நிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன். முதல்ல யார்கிட்ட சொல்லணும்?

வீட்டுல சொன்ன பிறகு உங்க சேகரத்துல. டீ கடையில இருந்து அவங்க காதுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே பாஸ்டரேட் கமிட்டியில சொல்லுங்க, தேர்தல் முடியுற வரைக்கும் சேகர வேலை எதுவும் நிக்காதுன்னு உறுதி குடுங்க, திருமண்டல சுற்றுப்பயணத்துக்கு சேகர வண்டியையும் பெட்ரோலையும் எடுக்காதீங்க. அப்புறம் இப்ப இருக்குற பேராயர்கிட்ட ஒரு வார்த்தை. அவர் ஆதரவு கேக்க இல்ல, அவரு மூணாவது ஆள் மூலமா கேள்விப்படக் கூடாதுங்கறதுக்காக. உங்களுக்கு எதிரா நிக்கப்போறவர் யாருன்னு தெரிஞ்சிருந்தா அவர்கிட்டயும் நேர்ல போய் சொல்லிடுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து காசு எடுக்க மாட்டோம், குடும்பத்தைப் பத்தி பேச விடமாட்டோம்னு ஒத்துக்க முடியுதான்னு பாருங்க. அவரு ஒத்துக்கலன்னாலும் நீங்க உங்க பக்கத்தை மட்டும் காப்பாத்துங்க.